ஆப்பசைத்த சிலந்தியும் அம்மாவின் கன்னமும்

ஆபிஸ்ல ஆணி அதிகம். அதான் மூணு மாசமா இந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்கல. "உயிரோட இருக்கியாய்யா?"ன்னு மெயில் போட்டு விசாரிச்ச ரெண்டு பேருக்கும் (ஆமாங்க, ரெண்டே பேர்தான்) நன்றி. இன்னிக்கு வழக்கமான சினிமா, சாப்பாடு, ரயில் பயணம் எதுவும் கிடையாது. சிலந்தி விஷம் பத்தி ஒரு பதிவு. ஓடிராதீங்க மக்கா. நானே பிளஸ் டூவுல உயிரியலுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் ஒதுங்கினவன்தான். எனக்கே புரிஞ்சிருச்சுன்னா உங்களுக்குப் புரியாதா என்ன?

மேட்டர் இதுதான். ஆஸ்திரேலியாவில் சிட்னியைச் சுற்றியுள்ள பகுதிகளில் ஒரு சிலந்தி இருக்கிறது. ஃபனல்வெப் என்று சொல்வார்கள். வளையின் வாசலில் புனல் மாதிரி வலை பின்னிவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கும். அறிவியல் பெயர் அட்ராக்ஸ் ரோபஸ்டஸ். பாலீஷ் போட்ட ஷூ மாதிரி பளபளன்னு கறுப்பா இருக்கும். இதோட விஷத்துல என்னென்னவோ சமாச்சாரம் கலந்திருந்தாலும், மனுஷனுக்கு வினையா வர்றது ஒரே ஒரு குட்டிப் புரதம்தான். பேரு டெல்டா ஹெக்ஸாடாக்ஸின். 42 அமினோ அமிலங்கள். அவ்வளவுதான். நம்ம ரத்தத்துல ஓடுற ஹீமோகுளோபின்ல 574 அமினோ அமிலங்கள் இருக்கு. அதுக்கு முன்னாடி இது சுண்டைக்காய். 42 மணி கோத்த ஒரு சின்ன மாலை, அதை நாலு இடத்துல கந்தக முடிச்சு போட்டு இறுக்கி வச்சிருக்கு. அந்த முடிச்சு இருக்கிறதால லேசுல அவிழாது, சிதையாது.

இந்தச் சுண்டைக்காய் எப்படி அறுபது எழுபது கிலோ மனுஷனைச் சாய்க்குது? அதைத் தெரிஞ்சுக்க முதல்ல நரம்பு எப்படி வேலை செய்யுதுன்னு பாத்துருவோம்.

நரம்பு செல்லுக்கு வெளியே சோடியம் ஜாஸ்தி, உள்ளே கம்மி. கிட்டத்தட்ட பத்துக்கு ஒண்ணு. வெளியே இருக்கிற சோடியம் அயனி எல்லாம், தீபாவளிக்கு மொத நாள் கோயம்பேட்டுல பஸ்ஸுக்கு நின்ன கூட்டம் மாதிரி, எப்படா கதவு திறக்கும்னு முண்டிக்கிட்டு நிக்கும். அந்தக் கதவுதான் சோடியம் சேனல். (சன் டிவி, விஜய் டிவி மாதிரி சேனல் இல்லை. கால்வாய் என்று பாடப்புத்தகத்தில் போடுவார்கள்.) நரம்பு சும்மா இருக்கும்போது உள்பக்கம் சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட். பக்கத்துலேர்ந்து ஒரு தூண்டுதல் வந்து அது மைனஸ் 55 கிட்ட ஏறினா, கதவு டபார்னு திறக்கும். கூட்டம் உள்ளே பாயும். வோல்டேஜ் எகிறும். அது பக்கத்துக் கதவைத் திறக்கும், அது அதுக்கு அடுத்த கதவை. இப்படித்தான் கால் கட்டைவிரல்ல முள்ளு குத்தின சேதி தண்டுவடத்துக்கு வந்து சேருது.

முக்கியமான விஷயம் இனிமேதான். கதவு திறந்தா மட்டும் பத்தாது. ஒரு மில்லிநொடிக்குள்ள தானா அடைபடவும் செய்யணும். அடைபட்டாத்தான் சேதி முடியும், அடுத்த சேதி வரும். நம்ம மாதிரி பொட்டி தட்டுறவங்களுக்குச் சொல்றதுன்னா, லாக் எடுத்த த்ரெட் லாக்கை விட்டே ஆகணும். விடலைன்னா சர்வர் என்னாகும்னு ராத்திரி ரெண்டு மணிக்கு போன் எடுத்தவனுக்குத் தெரியும்.

இதைக் கண்டுபிடிச்ச கதை ஒண்ணு இருக்கு. சொல்லாம விட மனசு வரல. ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி என்று இரண்டு கேம்பிரிட்ஜ்காரர்கள். கணவாய் மீனில் ஒரு நரம்பு இருக்கிறது, நூல் மாதிரி கண்ணுக்கே தெரியும் பருமன். அதுக்குள்ள கம்பியைச் சொருகி, மின்னோட்டத்தை அளந்தாங்க. அளந்ததை வச்சு சமன்பாடு எழுதினாங்க. சமன்பாட்டைப் போட்டுப் பாக்க 1951ல் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரைத் தேடினா, அது ஆறு மாசத்துக்கு மராமத்துல இருக்கு. ஹக்ஸ்லி அசரலை. கையால சுத்துற பிரன்ஸ்விகா கணக்கு மெஷினை எடுத்து வச்சுக்கிட்டு கைப்பிடியைச் சுத்த ஆரம்பிச்சார். நரம்புல அலை ஓடுற கணக்கை மட்டும் முடிக்க மூணு வாரம் ஆச்சாம். 1952ல் கட்டுரைகள் வந்தன. 1963ல் நோபல் பரிசு. சர்வர் டவுன்னு சொல்லிட்டு டீ குடிக்கக் கிளம்பற பரம்பரையில வந்த எனக்கு இதைப் படிச்சதும் லேசா வெக்கமாப் போச்சு :-)

இதுல அதிசயம் என்னன்னா, அவங்க காலத்துல சோடியம் சேனலை யாரும் பாத்ததே கிடையாது. சமன்பாட்டுல மட்டும், கதவைத் திறக்க மூணு துகள், அடைக்க ஒரு துகள்னு வச்சுக்கிட்டாங்க. கணக்கு பொருந்துச்சு. 1984ல் ஜப்பானில் ஷோசாகு நூமாவின் குழு மின்விலாங்கு மீனிலிருந்து அந்தப் புரதத்தின் முழு வரிசையையும் படிச்சுச் சொன்னது. பாத்தா, நாலு கட்டா இருக்கு. கட்டுக்கு ஒண்ணா வோல்டேஜ் பாக்குற காவல்காரன். அப்புறம் வந்த ஆய்வுகள், முதல் மூணு காவல்காரர்கள் அசைந்தால் கதவு திறக்கும், நாலாவது ஆள் கொஞ்சம் மெதுவாக அசைவான், அவன் அசைந்ததும் அடைப்பு விழும் என்று சொல்கின்றன. மூணும் ஒண்ணும்! கையால சுத்தின மெஷின் சொன்ன கணக்கு.

அடைப்பு எப்படி விழுதுன்னா, சேனலுக்கு உள்பக்கம் மூணு அமினோ அமிலம் ஒரு சின்ன துருத்தலா நிக்குது. நாலாவது காவல்காரன் நகர்ந்ததும் அந்தத் துருத்தல் கதவுக்குப் பக்கத்துல இருக்கிற ஒரு இடுக்குல போய்ச் சொருகிக்கும். சொருகினதும் வழி நெரிஞ்சு அடைபடும். தமிழ்ல இதுக்கு அருமையான வார்த்தை இருக்கே. ஆப்பு! பதிவுலகத்துல நாம தினமும் ஒருத்தருக்கொருத்தர் வச்சுக்கிற அதே ஆப்புதான். நரம்பு ஒவ்வொரு தடவை துடிக்கும்போதும் தனக்குத்தானே ஆப்பு வச்சுக்குது. அதனாலதான் நாம ஒழுங்கா இருக்கோம்.

இப்ப சிலந்திக்கு வருவோம். அந்த 42 மணி மாலை என்ன பண்ணுதுன்னா, வெளிப்பக்கத்துலேர்ந்து வந்து நேரா அந்த நாலாவது காவல்காரன் கையைப் பிடிச்சுக்குது. மத்த மூணு பேரையும் கண்டுக்கல. கதவு வழக்கம்போலத் திறக்குது. ஆனா நாலாவது ஆள் அசைய முடியாததால ஆப்பு விழ மாட்டேங்குது. சோடியம் பாட்டுக்கு உள்ளே வந்துக்கிட்டே இருக்கு. ஒரு தடவை "ம்"னு சொல்ல வேண்டிய நரம்பு "ம்ம்ம்ம்ம்"னு நிறுத்தாம சொல்லுது.

அப்புறம் என்ன? வாயைச் சுத்தி ஊசி குத்துற மாதிரி மதமதப்பு, நாக்குத் துடிப்பு, கண்ணுல தண்ணி, வாயில எச்சில், தெப்பமா வியர்வை, உடம்பெல்லாம் புல்லரிப்பு, தசைங்க தன்னால துள்ளுறது. ரத்த அழுத்தம் ஏறும். நுரையீரல்ல நீர் கோக்கும். 1927லிருந்து 1980க்குள் 13 பேர் இறந்ததாகப் பதிவாகியிருக்கிறது. அதில் குழந்தைகளும் உண்டு.

சின்ன வயசுல பஞ்சதந்திரக் கதை கேட்டிருப்பீங்க. பாதி அறுத்த மரத்துல தச்சன் வச்சிருந்த ஆப்பைக் குரங்கு பிடுங்கி, வாலு மாட்டிக்கிட்டுச் செத்துச்சே. ஆப்பசைத்த குரங்கு. இங்கே ஆப்பை அசைக்கிறது சிலந்தி. ஆனா மாட்டிக்கிறது யாருன்னு நினைக்கிறீங்க? அதே குரங்குக் கூட்டம்தான். இந்த விஷம் மனுஷன், குரங்கு வகையறாவைத்தான் ஆட்டி வைக்கும். நாய், பூனை, முயலுக்கெல்லாம் பெரிசா ஒண்ணும் பண்றதில்லை.

ஆஸ்திரேலியாக் காட்டுல குரங்கே கிடையாது. அப்புறம் எதுக்கு இந்தச் சிலந்தி குரங்கு ஜாதிக்குன்னு ஒரு விஷம் தயாரிச்சு வச்சிருக்கு? இதுக்கு 2020ல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துக்காரங்க ஒரு விளக்கம் சொன்னாங்க. இந்த நச்சு ஆதியில பூச்சி பிடிக்கத்தான் இருந்திருக்கு. பெண் சிலந்தி வளையை விட்டு அதிகம் வெளியே வராது. ஆண் சிலந்தி வயசுக்கு வந்ததும் கோடைகாலத்து ராத்திரியில பொண்ணு தேடி அலையக் கிளம்பிரும். அலையும்போது அதைத் தின்ன வர்ற முதுகெலும்புள்ள பிராணிகள்கிட்டேர்ந்து தப்பிக்க, வலி கொடுக்கிற ஆயுதமா அதே நச்சைத் தீட்டி வச்சுக்கிச்சு. நம்ம சோடியம் சேனல் அதுக்குத் தோதா அமைஞ்சது தற்செயல். வேற யாருக்கோ வச்ச ஆப்பு நமக்கு! ஆண் சிலந்தி பெண்ணைவிட ஆபத்தானது என்பதற்கும் இதுதான் காரணம்.

முயலுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன்ல? அதையேதான் பிடிச்சுக்கிட்டார் ஸ்ட்ரூவன் சதர்லாண்ட். மெல்போர்ன்ல காமன்வெல்த் சீரம் ஆய்வகத்துல வேலை பார்த்தவர். முயலுக்குக் கொஞ்சம் கொஞ்சமா விஷம் ஏத்தி, அதோட ரத்தத்துலேர்ந்து எதிர்ப்பொருளைப் பிரிச்சு, 1980ல் விஷமுறிவு மருந்து தயார் பண்ணினார். 1981லிருந்து புழக்கத்துல இருக்கு. அதுக்கப்புறம் இந்தச் சிலந்தி கடிச்சு ஒருத்தர்கூட செத்ததாப் பதிவு இல்லை. சிட்னிக்கு வடக்கே ஆஸ்திரேலியன் ரெப்டைல் பார்க்ல இன்னிக்கும் ஆண் சிலந்திகளை வச்சு, அதுங்க கோரைப்பல் நுனியில குட்டிக் கண்ணாடிக் குழாயைக் காட்டி, சொட்டுச் சொட்டா விஷம் எடுத்துத் தர்றாங்க. பொதுமக்களே சிலந்தியைப் பாட்டில்ல பிடிச்சுக் கொண்டு வந்து கொடுக்கிறாங்கன்னா பாத்துக்குங்க. (2025ல் இந்த ஒரு இனம்னு நினைச்சது மூணு இனம்னு பிரிச்சுட்டாங்க. நல்லவேளை, மருந்து மூணுக்கும் கேக்குது.)

"ஆஸ்திரேலியா சிலந்தி எனக்கெதுக்கு?"ன்னு கேக்கிறவங்களுக்கு ரெண்டு உள்ளூர்ச் சேதி. முதலாவது, நம்மூர் செந்தேள். அதோட விஷமும் இதே வேலையைத்தான் பண்ணுது. சோடியம் சேனலை மூட விடாது. சிலந்திக்கும் தேளுக்கும் பொதுப் பாட்டன் ரொம்ப ரொம்ப தூரம், இருந்தாலும் ரெண்டும் ஒரே பூட்டுக்கு ஒரே இடத்துல கள்ளச்சாவி போட்டிருக்கு. மகாராஷ்டிரா கொங்கண் பக்கம் கிராமத்துல டாக்டரா இருந்த ஹிம்மத்ராவ் பவாஸ்கர், தேள் கொட்டி ஆஸ்பத்திரிக்கு வர்ற குழந்தைகள் இதயம் தளர்ந்து சாகிறதைப் பார்த்துப் பார்த்து, ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற பிரசோசின் மாத்திரையைக் கொடுத்துக் காப்பாத்த ஆரம்பிச்சார். லான்செட்டில் எழுதினார். 2022ல் பத்மஸ்ரீ கொடுத்தாங்க. பெரிய ஆய்வகம் எதுவும் இல்லாம, பக்கத்துலயே உக்காந்து நோயாளியைப் பார்த்துக் கண்டுபிடிச்சது.

ரெண்டாவது, கொசுவத்தி. (பிளாஷ்பேக் சுத்துற கொசுவத்தி இல்லீங்க, நிஜக் கொசுவத்தி.) அதுல இருக்கிற அலெத்ரின், லிக்விட் மெஷின்ல இருக்கிற டிரான்ஸ்ஃப்ளுத்ரின் எல்லாம் சாமந்தி ஜாதிப் பூ ஒண்ணுல கிடைச்ச மருந்தைப் பார்த்துச் செஞ்சது. அதுவும் கொசுவோட சோடியம் சேனலை மூட விடாம பண்றதுதான். கொசு சிறகை உதறிக்கிட்டுத் தரையில சுழல்றதைப் பாத்திருப்பீங்க. ஃபனல்வெப் மனுஷனுக்குச் செய்யறதை நாம தினம் சாயங்காலம் ஆறு மணிக்குக் கொசுவுக்குச் செய்யறோம். கொசுவும் சும்மா இல்லை. சேனல்ல ஒண்ணு ரெண்டு அமினோ அமிலத்தை மாத்திக்கிட்டு மருந்துக்கு அசராத கொசுவாயிடுச்சு. நம்ம வீட்டுல மட்டும் ஏன் கொசு சாக மாட்டேங்குதுன்னு கேட்டா, பதில்ல பாதி இதான்.

சரி, பொட்டி தட்டுறவன் எதுக்கு திடீர்னு சிலந்திக்குப் பின்னாடி போனான்? இங்கதான் கொஞ்சம் சொந்தக் கதை.

அம்மா கோவில்பட்டியில இருக்காங்க. ரெண்டு வருஷம் முன்னாடி இடது கன்னத்துல வலின்னு ஆரம்பிச்சது. பல்வலின்னு நினைச்சு ஒரு பல் டாக்டர்கிட்ட போக, அவர் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். ரெண்டு மாசம் கழிச்சு பக்கத்துப் பல்லும் போச்சு. வலி மட்டும் அங்கேயே இருந்துச்சு. அது சாதா வலி இல்லை. சொடக்குப் போடுற நேரம்தான் இருக்கும். ஆனா வெறும் கையால கரண்டுக் கம்பியைத் தொட்ட மாதிரி. பல் விளக்கினா வரும். முகம் கழுவினா வரும். ஃபேன் காத்து கன்னத்துல பட்டா வரும். எங்க ஊர்க் கடலைமிட்டாயை நறுக்குன்னு கடிச்சுத் தின்ன அம்மா, இட்லியைப் பால்ல ஊறப் போட்டு ஒரு பக்கமா முழுங்க ஆரம்பிச்சாங்க. போன்ல பேசினா ரெண்டு வார்த்தையோட நிறுத்திருவாங்க. பேசினாலும் வரும்ல.

கடைசியா மதுரையில ஒரு நரம்பு டாக்டர், அம்மா சொன்னதைப் பத்து நிமிஷம் கேட்டுட்டுப் பேரைச் சொன்னார். டிரைஜெமினல் நியூரால்ஜியா. முகத்துக்கு வர்ற நரம்பு மேல மூளைக்கிட்ட ஒரு ரத்தக்குழாய் உரசிக்கிட்டே இருக்கு. வயர் மேல இருக்கிற பிளாஸ்டிக் மாதிரி நரம்புக்கு ஒரு உறை உண்டு. உரசி உரசி அது தேய்ஞ்சு போச்சு. அந்த இடத்துல நரம்பு காரணமே இல்லாம கும்மியடிக்குது. எழுதிக் கொடுத்த மாத்திரை கார்பமாஸபின். வலிப்பு நோய்க்குக் கொடுக்கிறது. இந்த முகவலிக்கு அது கேக்கும்னு 1962லேயே கண்டுபிடிச்சுட்டாங்க.

மூணாம் நாள் அம்மா போன் பண்ணி, "தம்பி, இன்னிக்கு முகத்துல தண்ணி ஊத்திக் கழுவினேம்ப்பா"ன்னாங்க. அன்னிக்கு ராத்திரிதான் அந்த மாத்திரை என்ன பண்ணுதுன்னு தேட உக்காந்தேன். அங்கேர்ந்து சோடியம் சேனல், சோடியம் சேனல்லேர்ந்து சிலந்தி.

மாத்திரை செய்யறது சிலந்திக்கு நேர் எதிர் வேலை. சிலந்தி ஆப்பை விழ விடாது. மாத்திரை, விழுந்த ஆப்பை எடுக்க விடாமப் பிடிச்சு வச்சுக்கும். நரம்பு எவ்வளவு அடிக்கடி துடிக்குதோ அவ்வளவுக்கு ஆப்பு விழும், அவ்வளவுக்கு மாத்திரை பிடிக்கும். அதனால அடங்கி இருக்கிற நரம்பை விட்டுட்டு, ஆட்டம் போடுற நரம்பைத்தான் அதிகமா அடக்கும். நல்ல யோசனைதான். ஆனா ஒரு சிக்கல். நம்ம உடம்புல சோடியம் சேனல் ஒன்பது வகை. நேவ் 1.1லேர்ந்து 1.9 வரைக்கும் நம்பர் போட்டிருக்காங்க, நம்ம சாஃப்ட்வேர் வெர்ஷன் மாதிரியே. மூளைக்கு ஒண்ணு, தசைக்கு ஒண்ணு, இதயத்துக்கு ஒண்ணு, வலி நரம்புக்குன்னு சிலது. எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கும். மாத்திரைக்கு வித்தியாசம் தெரியாது. கன்னத்தை அடக்கப் போய் மூளையையும் மந்தமாக்கும். ஒரு வருஷம் நல்லா ஓடுச்சு. அப்புறம் வலி மாத்திரையை மீறி வர, டோஸ் ஏத்தினாங்க. அம்மாவுக்குத் தள்ளாட்டம், மறதி, பகல்லயே தூக்கம். போன மாசம் டெஸ்ட் எடுத்தா ரத்தத்துல சோடியம் 126. 135க்கு மேல இருக்கணும். (இது சேனலை அடைக்கிறதால இல்லை. இந்த மருந்து உடம்பைத் தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கப் பண்ணும், அதுல சோடியம் நீர்த்துப் போகுது.)

அதனாலதான் எனக்குச் சிலந்தி மேல ஒரு கண்ணு. வலி நரம்புல நேவ் 1.7னு ஒண்ணு இருக்கு. 2006ல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. பாகிஸ்தானின் வடபகுதியில் ஒரு பையன். பத்து வயசு. தெருவுல வித்தை காட்டிக்கிட்டிருந்தான். கையில கத்தியைச் சொருகிக்குவான், நெருப்புக் கங்கு மேல நடப்பான். வலிக்கவே வலிக்காது. ஆராய்ச்சியாளர்கள் அவனைப் போய்ப் பாக்கறதுக்குள்ள, கூட்டாளிகளோட விளையாடும்போது வீட்டுக்கூரையிலேர்ந்து குதிச்சு இறந்துபோனான். பதினாலு வயசு. அவனோட சொந்தக்காரக் குடும்பங்கள்ல இதே மாதிரி இருந்த பிள்ளைகளைச் சோதிச்சா, நேவ் 1.7க்கான மரபணு வேலை செய்யல. மத்த தொடு உணர்வு எல்லாம் சரியா இருக்கு. வலி மட்டும் இல்லை. இதுக்கு எதிர்க் கோஷ்டியும் உண்டு. 2004ல் சீனாவில் கண்டுபிடிச்சாங்க. அதே சேனல் சுலபமாத் திறந்துக்கிற மாதிரி மாறிப் பிறந்தவங்களுக்குக் கை கால் நெருப்பு மாதிரி எரியும், செக்கச்செவேல்னு ஆயிரும்.

ஆக, ஒன்பதுல அந்த ஒண்ணை மட்டும் மூடுற பூட்டு கிடைச்சா? அதைத்தான் சிலந்திகிட்ட தேடறாங்க. பெரு நாட்டு டரான்டுலா ஒண்ணுல புரோடாக்ஸின் 2ன்னு 30 மணி மாலை. சீனாவின் பறவைச் சிலந்தியில ஹுவென்டாக்ஸின் 4ன்னு 35 மணி மாலை. இதுங்க ரெண்டாவது காவல்காரனைப் பிடிச்சுக் கதவைத் திறக்கவே விடாது. புரோடாக்ஸின் 2, நேவ் 1.7ஐ மத்த சேனல்களைவிட நூறு மடங்கு அதிகமா மடக்குது. ஒரே மாதிரி இருக்கிற ஒன்பது பேர்ல ஆளை அடையாளம் கண்டுபிடிக்கிற வித்தையை மருந்துக் கம்பெனிகளுக்கு முன்னாடியே சிலந்தி கத்து வச்சிருக்கு. மேற்கு ஆப்பிரிக்கச் சிலந்தி ஒண்ணோட நச்சை வச்சு, நேவ் 1.1க்கும் வலியில பங்கு இருக்குன்னு 2016ல் டேவிட் ஜூலியஸ் குழு கண்டுபிடிச்சது. (2021ல் நோபல் வாங்கினாரே, அவரேதான்.)

ஆனா இந்த மாலை எதுவும் இன்னும் மாத்திரையா வரலை. வாய் வழியாக் கொடுத்தா உள்ளே போய்ச் சேராது. ஊசியாப் போட்டாலும் வேண்டாத சேனலைத் தொட்டா ஆபத்து. நேவ் 1.7ஐ அடைக்கச் செஞ்ச ரசாயன மருந்துகளும் மனுஷங்ககிட்ட எதிர்பார்த்த அளவு எடுபடலை. பக்கத்து வீட்டு நேவ் 1.8ஐ அடைக்கிற சூசெட்ரிஜின்னு ஒரு மாத்திரைக்கு 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைச்சது. சிலந்திக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. ஒரு வகைச் சேனலை மட்டும் பிடிச்சு வலியை அடக்கலாம்கிறதுக்கு அது சாட்சி. ஆனா அந்த அனுமதி ஆபரேஷன், அடிபட்டது மாதிரி திடீர் வலிக்குத்தான். அம்மாவோட வலிக்கு இல்லை.

ஊருக்குப் போனப்ப இதையெல்லாம் அம்மாகிட்ட சொன்னேன். சிலந்தி விஷம்னதும், "ஏன், மாத்திரைலாம் தீந்து போச்சாமா?"ன்னாங்க. அந்தப் பையன் கதையையும் சொன்னேன். சிரிப்பாங்கன்னு நினைச்சேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "அவன் அம்மா எப்படிப்பா வளத்திருப்பா? விழுந்தா அழாத பிள்ளையை எப்பவும் பாத்துக்கிட்டே இருக்கணும்ல"ன்னாங்க. தனக்கு அந்த வரம் வேணும்னு ஒரு வார்த்தை சொல்லலை. வலி வரும்போது அதைத்தான் கேப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

இப்ப எங்க முன்னாடி இருக்கிற கேள்வி வேற. டாக்டர் ஆபரேஷன் பண்ணலாம்கிறார். காதுக்குப் பின்னாடி சின்னதா மண்டையோட்டைத் திறந்து, உரசுற ரத்தக்குழாயை விலக்கி, நடுவுல டெஃப்ளான் பஞ்சு வைப்பாங்களாம். "தோசைக்கல்லுல இருக்கிறதா? அதுவே ஆறு மாசத்துல உரிஞ்சிருதே"ன்னு அம்மா. டாக்டருக்கே சிரிப்பு. பண்ணினவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு வலி போயிருது, ஆனா காது கேக்காமப் போறதுலேர்ந்து இன்னும் பெரிய ஆபத்து வரைக்கும் கொஞ்சம் பேருக்கு உண்டுன்னு அவரே பொறுமையா எடுத்துச் சொன்னார். அம்மாவுக்கு 58. சர்க்கரையும் உண்டு. அப்பா வேண்டாங்கிறார். அக்கா பண்ணிரலாங்கிறா. அம்மா, "நீ படிச்சவன், நீ சொல்லு"ன்னுட்டாங்க. நான் படிச்சது ஜாவா. அடுத்த மாசம் பத்தாம் தேதிக்குள்ள சொல்லணும்.

அதனால இந்தத் தடவை பின்னூட்டத்துல கும்மி வேண்டாம் மக்கா. உங்க வீட்டுலயோ தெரிஞ்சவங்க வீட்டுலயோ யாராவது இந்த ஆபரேஷன் பண்ணியிருந்தா, அஞ்சு வருஷம் கழிச்சு இப்ப எப்படி இருக்காங்கன்னு மட்டும் எழுதுங்க. நல்லா இல்லைன்னாலும் எழுதுங்க. பொதுவுல சொல்ல வேண்டாம்னு நினைச்சா மெயில் போடுங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. இதைப் படிச்சுட்டு யாரும் தானா மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாதீங்க. அப்புறம், உங்க வீட்டுச் சுவத்துல ஓடுற எட்டுக்கால் பூச்சியைப் பாவம், விட்ருங்க. அது ஃபனல்வெப் இல்லை, கரப்பான் பிடிக்க வந்தது.